உழவாரம் ஏந்திய நாவரசர்

சிவன் கோயில் திருச்சுற்றில் நால்வர் திருவுருவங்கள் வரிசையாக நிற்பதை நாம் அனைவரும் கண்டிருப்போம். சிறு பிள்ளையாய்க் கையில் தாளம் ஏந்தி நிற்பவர் திருஞானசம்பந்தர். அணிகலன்கள் பூண்டு மணக்கோலத்தில் நிற்பவர் சுந்தரர். ஏட்டுச் சுவடியோடு நிற்பவர் மாணிக்கவாசகர். இம்மூவரோடு மழித்த தலையும், கழுத்தில் உருத்திராக்கமும், அரையில் எளிய ஆடையுமாகக் கைகூப்பி நிற்கும் முதியவர் ஒருவர் உளர். அவர் தோளில் ஒரு நீண்ட காம்பு சாய்ந்திருக்கும். காம்பின் முனையில் தட்டையான ஓர் இரும்புத் தகடு இருக்கும். அதுவே உழவாரம். கோயில் முற்றத்தில் முளைக்கும் புல்லையும் பூண்டையும் செதுக்கி எடுக்கும் கருவி அது. அதைத் தாங்கி நிற்பவர் திருநாவுக்கரசர்.

நாவுக்கு அரசர் என்று பெயர் பெற்றவர் அவர். நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளாக இன்று நமக்குக் கிடைத்துள்ள அவருடைய பாடல்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஆயினும் சிற்பி அவர் கையில் சுவடியைக் கொடுத்தானில்லை, தாளத்தைக் கொடுத்தானில்லை, புல் செதுக்கும் கருவியைக் கொடுத்தான். நாவால் பெயர் பெற்றவரைக் கைக்கருவியால் அடையாளம் காட்டியது ஏன்? இவ்வினாவுக்கு விடை காணும் முகத்தான் அப்பெருமகனாரின் வாழ்க்கையைச் சற்றே நோக்குவோம். அவர் பிறந்த திருவாமூரும், தொண்டு தொடங்கிய திருவதிகையும், கரையேறிய திருப்பாதிரிப்புலியூரும், பாடிப் பரவிய தில்லையும் நம் கடலூர் மாவட்டத்து ஊர்களே. எனவே இது நம் மண்ணின் வரலாறு.

பழங்கதைகளில் அரும்பொருள்கள்

ஒவ்வோர் இனத்தாரின் பழங்கதைகளிலும் அரும்பொருள்கள் சில இடம்பெறுகின்றன. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை மணிமேகலையின் கையில் வைத்தார் சாத்தனார். பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டாரும் தம் பழைய ஏடுகளில் பதின்மூன்று அரும்பொருள்களைப் பட்டியலிட்டு வைத்துள்ளனர். அவற்றுள் ஒன்று ஒரு வாள். நற்குடிப் பிறந்தவன் அதனை உருவினால் பிடி முதல் நுனி வரை தீப்பற்றி ஒளிருமாம். மற்றொன்று ஒரு கொப்பரை. கோழையின் உணவை அது வேக வைக்காதாம். இன்னொன்று ஒரு சாணைக்கல். வீரனின் வாளைத் தீட்டும். கோழையின் வாளை மழுக்கும். ஓர் அங்கியும் உண்டு. உயர்குடியினனுக்கு அளவாகப் பொருந்தும் அவ்வங்கி, எளிய குடியினன் அணிந்தால் பொருந்தாதாம். ஒருவர்க்கு வைத்த உணவை நூறு பேர்க்குப் பெருக்கித் தரும் கூடையும் அப்பட்டியலில் உண்டு.

இப்பொருள்களுட் பல தம்மைத் தொடுபவனைச் சோதிக்கின்றன. அவன் குலத்தையும் வீரத்தையும் பார்த்தே பயன் தருகின்றன. வாளை மதித்த மன்னர் உலகத்தின் மனம் இவற்றில் தெரிகிறது. ஒரு சமுதாயம் எதை உயர்வாகக் கருதுகிறது என்பதை அதன் கதைகளில் வரும் பொருள்களைக் கொண்டே அறியலாம் எனின் அது மிகையாகாது.

நாவுக்கரசர் வரலாற்றிலும் பொருள்கள் பலவாக வருகின்றன. அவற்றுட் சில அவரைக் கொல்ல வந்தவை. சில அவரை மயக்க வந்தவை. ஒன்றே ஒன்று அவர் தாமே விரும்பி எடுத்துக்கொண்டது. இவ்வரலாற்றை விரித்துரைப்பது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். நாவுக்கரசர் வாழ்ந்ததோ 7ஆம் நூற்றாண்டு. இடையே ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் உள்ளன. எனவே வரலாறும் வழிவழி வந்த செய்தியும் அதில் கலந்தே இருக்கும். எனினும் ஒரு மக்கள் தம் பெரியாரை எவ்வாறு நினைவில் வைத்துப் போற்றினர் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

திருவாமூரில் ஒரு குடும்பம்

பண்ணுருட்டிக்கு அருகில் உள்ளது திருவாமூர். பழைய திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. அவ்வூரில் வேளாளர் குலத்தில், குறுக்கையர் குடியில் வாழ்ந்தவர் புகழனார். அவர்தம் துணைவியார் மாதினியார். இவர்களுக்கு முதலில் பிறந்தவர் திலகவதியார்; அடுத்துப் பிறந்த ஆண் மகவுக்கு மருள்நீக்கியார் என்று பெயரிட்டனர்.

திலகவதியாரை மணம் பேசியவர் கலிப்பகையார் என்னும் படைத்தலைவர். மணம் நிகழுமுன் அவர் அரசன் ஆணையால் போர்மேற் சென்றார். அவர் திரும்புமுன் புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் கணவரோடு உயிர் நீத்தார். தாய் தந்தையரை இழந்து பிள்ளைகள் இருவரும் தவித்திருந்த வேளையில், கலிப்பகையார் போர்க்களத்தில் பட்டார் என்ற செய்தியும் வந்தது. தமக்கு உரியவர் எனப் பெற்றோர் இசைந்த ஒருவர் மாண்டபின் தாமும் வாழ்வதில்லை எனத் துணிந்தார் திலகவதியார். அப்போது சிறுவராயிருந்த மருள்நீக்கியார் தமக்கையின் காலடியில் விழுந்து அழுதார். அக்காளும் போய்விட்டால் தாமும் முன்னரே உயிர் விடுவதாகச் சொன்னார். தம்பி உளராக வேண்டும் என்னும் கருணை ஒன்றே அவ்வம்மையாரை உலகில் நிறுத்தியது. தவநெறி பூண்டு, இல்லத்திலிருந்தபடியே தம்பியை வளர்த்து ஆளாக்கினார்.

இத்தகைய இழப்புகளைக் கண்ட இளைஞருக்கு உலக நிலையாமை தெளிவாயிற்று. கையிலிருந்த செல்வத்தைக் கொண்டு அறச்சாலைகள் அமைத்தார், தண்ணீர்ப்பந்தல் வைத்தார், சோலைகள் வளர்த்தார், குளம் தோண்டினார். பின்பு மெய்ந்நெறி எது எனத் தேடிப் புறப்பட்டார். தேடல் அவரைச் சமணத்தின்பாற் கொண்டு சேர்த்தது.

பாடலிபுத்திரத்துத் தருமசேனர்

இன்றைய திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தால் பெயர் பெற்ற ஊர். பாதிரிக்கு வடமொழியில் பாடலி என்று பெயர். எனவே அவ்வூர் பாடலிபுத்திரம் எனவும் வழங்கிற்று. அங்கே புகழ் பெற்ற சமணப் பள்ளி ஒன்று இருந்தது. உலகின் அமைப்பை விளக்கும் லோகவிபாகம் என்னும் சமண நூலைச் சர்வநந்தி முனிவர் இவ்வூரில், காஞ்சி மன்னன் சிங்கவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டாகிய சகம் 380இல், அதாவது கி.பி. 458இல் எழுதி முடித்தார் என்பது அந்நூலின் வடமொழி வடிவத்தால் அறியப்படுகிறது. நாவுக்கரசர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் கடலூரில் கல்வி ஓங்கியிருந்தமைக்கு இஃது ஒரு சான்று.

அப்பள்ளியில் சேர்ந்து கற்க வேண்டியனவெல்லாம் கற்றார் மருள்நீக்கியார். தருமசேனர் என்னும் பெயரோடு சமணர்தம் தலைமையையும் பெற்றார். வாதில் வல்லவர் எனப் பெயரெடுத்தார். பின்னாளில் அவர் சைவத்தின்பால் திரும்பினார் என்பதற்காகச் சமணர் அவருக்கு ஊட்டிய கல்வியை நாம் மறத்தல் ஆகாது.

அக்காள் கையில் இருந்த துடைப்பம்

தம்பி பிரிந்த பின்னர்த் திலகவதியார் கெடில நதிக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து தங்கினார். அங்கே அவர் செய்த பணிகளைச் சேக்கிழார் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறுகிறார். பொழுது புலருமுன் எழுவார். துடைப்பத்தால் கோயில் முற்றத்தைப் பெருக்குவார். திருவலகு என்று சைவ உலகம் போற்றுவது இத்துடைப்பத்தையே. பின்பு சாணத்தால் தரையை மெழுகுவார். மலர் கொய்து மாலை தொடுப்பார். அம்மையார் வாதம் புரிந்தவரல்லர். அவர் கையிலிருந்தது துடைப்பம் ஒன்றுதான். உழவாரத்தின் வரலாறு அந்தத் துடைப்பத்திலிருந்தே தொடங்குகிறது என்று கூறலாம்.

தம்பியைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே அம்மையாரின் இடையறாத வேண்டுதல். ஒரு நாள் தருமசேனர்க்குக் கொடிய சூலை நோய் கண்டது. குடரை முறுக்கும் அவ்வலியைத் தணிக்கத் துறவியர் குண்டிகை நீரை மந்திரித்துக் கொடுத்தனர், மயிற்பீலியால் தடவினர். நோய் தீரவில்லை. தமக்கையை அழைத்து வருமாறு சமையற்காரரை அனுப்பினார் தருமசேனர். தாம் அப்பள்ளிக்கு வருவதற்கில்லை என்று அம்மையார் சொல்லியனுப்பிவிட்டார்.

அன்றிரவு நிகழ்ந்ததைச் சேக்கிழார் சொல்லும் முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. உடுத்திருந்த பாயைக் களைந்தார்; உறியில் தொங்கிய குண்டிகையை விட்டார்; பீலியை விட்டார்; வெள்ளாடை உடுத்தி, கண் காணாதபடி இருளில் நடந்து, திருவதிகையில் தமக்கையின் காலடியில் வந்து விழுந்தார் என்கிறார். துறவியர் தலைவர் என்பதற்கு அடையாளமாயிருந்த பொருள்கள் மூன்றும் ஒரே இரவில் கழன்றன. திலகவதியார் திருநீறு அளித்துத் தம்பியைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் முதற் பதிகத்தைப் பாட, நோய் தீர்ந்தது; நாவுக்கரசர் என்னும் பெயரும் கிடைத்தது.

பெயரோ நாவைப் பற்றியது. ஆயினும் உடனே அவர் செய்த செயல் உழவாரத்தைக் கையில் எடுத்தது. உள்ளத்தால் நினைத்தலும் நாவால் பாடுதலும் மட்டும் போதா. உடம்பும் உழைக்க வேண்டும் எனக் கண்டார். பழைய பாயும் குண்டிகையும் பீலியும் இருந்த இடத்தில் ஒரு கூலியாள் ஏந்தும் கருவி வந்து அமர்ந்தது. தமக்கை பெருக்கிய முற்றத்தில் தம்பி புல் செதுக்கினார். பெரும் பள்ளியின் தலைவராய் விளங்கியவர், ஊரார் காண வெயிலில் குனிந்து களை எடுத்தார். கற்றவர் கை மண்ணிற் படுவதை இழிவெனக் கருதும் எண்ணம் அன்றும் இருந்திருக்கும், இன்றும் இருக்கிறது. அதனை நினைத்தால்தான் இச்செயலின் அருமை விளங்கும்.

அரசன் கையில் இருந்த பொருள்கள்

தம் தலைவர் பிரிந்து போனதைச் சமணர் பல்லவ மன்னனிடம் முறையிட்டனர். அரசன் ஆணையோடு அமைச்சர்கள் வந்தனர். நாவுக்கரசர் அரசாணைக்குப் பணிய மறுத்தார். அதன்மேல் அரசன் தன் கையிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக ஏவினான் என்கிறது பெரியபுராணம்.

முதலாவது நீற்றறை. சுண்ணாம்புக் கற்களைச் சுட்டு நீறாக்கும் சூளை அது. ஏழு நாள்கள் அதில் அடைத்து வைத்தும் அவர் இனிதே இருந்தார். இரண்டாவது நஞ்சு கலந்த பாற்சோறு. அதனை உண்டும் அவர் அழியவில்லை. மூன்றாவது பட்டத்து யானை. அது வலம் வந்து வணங்கித் திரும்பியது. நான்காவது கல். கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினர். நமச்சிவாயத் திருப்பதிகத்தைப் பாடினார் நாவுக்கரசர்; கல் மிதந்தது; கயிறு அறுந்தது; அலைகள் அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் கொண்டுவந்து சேர்த்தன. கல்லோடு பிணித்து நீரில் தள்ளிய செய்தியைத் திருநீலக்குடிப் பதிகத்தில் நாவுக்கரசர் தாமே குறித்துள்ளார். அவர் கரையேறிய இடம் இன்றும் கரையேறவிட்டகுப்பம் என வழங்குகிறது. சித்திரைத் திங்களில் அக்கரையேற்றம் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

நெருப்பு, நஞ்சு, விலங்கு, நீர் ஆகிய நான்கும் அரசனின் ஆற்றலைக் காட்டும் குறிகள். ஓர் ஆட்சி தன் குடிமகனை அச்சுறுத்தக் கையாளும் வழிகள் அனைத்தும் இந்நான்கில் அடங்கிவிடுகின்றன. மூழ்கடிக்க வந்த கல்லே தெப்பமானது என்பது கதையின் முடிவு. அஞ்சாத ஒருவனிடம் அடக்குமுறைக் கருவிகள் தம் எடையை இழக்கின்றன என்பதே அதன் உட்பொருள்.

இங்கே வியப்பான ஓர் ஒற்றுமையைச் சுட்டல் வேண்டும். வேல்சுக்குத் தெற்கே, கடற்காலுக்கு அப்பால் கார்ன்வால் என்னும் பகுதி உள்ளது. அப்பகுதியின் காவலராகப் போற்றப்படும் புனிதர் பிரன் என்பவரைப் பற்றியும் இதையொத்த கதை வழங்குகிறது. அயர்லாந்து மன்னர்கள் அவரை எந்திரக்கல்லில் கட்டிக் குன்றின் உச்சியிலிருந்து கொந்தளிக்கும் கடலில் உருட்டினராம். கடல் அடங்கியது, கல் மிதந்தது, அவர் கார்ன்வால் கரையில் சேர்ந்தார். அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் கடற்கரையை ஒட்டிய ஊர் இன்றும் அவர் பெயராலேயே பெரன்போர்த் என வழங்குகிறது. ஆண்டுதோறும் மார்ச்சு 5ஆம் நாள் அவருக்கு விழா எடுக்கின்றனர். பூமிக்கடியில் வெள்ளீயம் வெட்டும் தொழிலாளர் அவரைத் தம் காவலராகக் கொண்டுள்ளனர். ஒருவர் கதையை மற்றவர் கேட்டிருக்க வழியில்லை. எனினும் கடலோர மக்கள் இரு சாராரும் தம் பெரியாரைக் கல்லின் மேல் கரையேற்றி, பின் உழைப்பவர் பக்கத்திலேயே நிறுத்தினர். மனித உள்ளம் எங்கும் ஒன்றே போலும்!

அம்மன்னனைப் பெரியபுராணம் பெயர் சுட்டாது பல்லவன் என்றும் காடவன் என்றுமே கூறுகிறது. மனம் மாறிய அவன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துக் கொணர்ந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயில் எடுத்தான் எனவும் அது சொல்கிறது. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர். அவன் வேற்று நெறியிலிருந்து திரும்பியதைத் திருச்சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டு குறிக்கிறது. இவற்றைக் கொண்டு அம்மன்னன் மகேந்திரவர்மனே என ஆய்வாளர் பலர் கருதுவர். ஒரு சமயத்தாரின் பள்ளியை இடித்து மறு சமயத்தார் கோயில் எழுப்பியது நாம் போற்றத்தக்க செயலன்று. நெருப்பையும் யானையையும் ஏவிய அதே அரச ஆற்றல், இப்போது மறுபக்கம் திரும்பி மற்றோர் அழிவைச் செய்தது. நாவுக்கரசர் கையிலிருந்த உழவாரமோ புல்லையன்றி வேறெதையும் வெட்டியதில்லை.

தில்லையில்

கரையேறிய பின்னர் நாவுக்கரசர் ஊர் ஊராக நடக்கத் தொடங்கினார். பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்தில், தம் தோளில் சூலமும் இடபமும் பொறிக்கப்பெற வேண்டும் என வேண்டிப் பெற்றார். திருமுதுகுன்றம் முதலிய தலங்களை வணங்கித் தில்லைக்கு வந்து சேர்ந்தார். அவர் மேலைக் கோபுர வாயில் வழியே புகுந்தார் என்பது மரபு.

கூத்தப்பெருமானின் திருவடி கண்டு பாடியதோடு அமையாது, அங்கும் கைத்தொண்டு செய்தார். தில்லையில் தங்கிய காலத்தில் அருகிலுள்ள திருவேட்களம், திருக்கழிப்பாலை ஆகிய தலங்களுக்கும் சென்று பாடினார். திருவேட்களம் இன்று அண்ணாமலை நகரில், பல்கலைக்கழகச் சூழலிலேயே உள்ளது. திருக்கழிப்பாலையின் பழைய கோயிலைக் கொள்ளிடப் பெருவெள்ளம் கொண்டுவிட, அத்திருவுருவங்கள் இன்று சிவபுரியில் உள்ளன.

தில்லையிலிருந்து சீகாழிக்குச் சென்றார். அங்கே இளஞ்சிறுவரான சம்பந்தர் எதிர்கொண்டு, முதியவரான இவரைத் தந்தை என்னும் முறையில் அப்பர் என அழைத்தார். அழைப்பே பெயராய் நிலைத்தது.

வாசியில்லாக் காசு

அப்பர் பெயர் அவர் செல்லுமுன்னரே ஊர்களுக்குச் சென்றுவிட்டது. திங்களூரில் அப்பூதியடிகள் என்னும் அந்தணர், அவரைக் கண்ணால் காணாமலே அன்பு பூண்டிருந்தார். தம் மக்களுக்குத் திருநாவுக்கரசு எனப் பெயரிட்டார். பசுக்களுக்கும், வீட்டிலுள்ள அளவைகளுக்கும் நிறைகோலுக்கும் அப்பெயரே இட்டார். வழிப்போக்கர்க்கு அமைத்த தண்ணீர்ப்பந்தலிலும் அப்பெயரை எழுதி வைத்தார். படியும் தராசும் ஒருவர் பெயரைத் தாங்குமாயின், அப்பெயருக்கு மக்கள் வைத்த மதிப்பு நேர்மை என்பதேயாம்.

இதனினும் சிறந்த ஒரு நிகழ்ச்சி திருவீழிமிழலையில் நடந்தது. நாட்டில் பஞ்சம் வந்தது. அடியார்களுக்கு உணவளிக்கும் பொருட்டு அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு இறைவனால் பலிபீடத்தில் வைக்கப்பட்டது என்பர். அப்பர் பெற்ற காசு முழு மதிப்புக்கு மாறிற்று. சம்பந்தர் பெற்ற காசைக் கடைக்காரர் வாசி கழித்தே ஏற்றனர். வாசி என்பது காசின் மாற்றுக் குறைவுக்காக மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் வட்டம். சம்பந்தரோ இறைவனின் மகனெனப் போற்றப்படுபவர். அவர் காசில் குறையும் அப்பர் காசில் நிறையும் வந்தது எதனால்? சேக்கிழார் காரணம் கூறுகிறார்: அப்பர் கைத்தொண்டு செய்தவர், அதனால் வாசியில்லாக் காசு பெற்றார் என்று. மகன் பெறுவது அன்பின் கொடை. தொண்டன் பெறுவது உழைப்பின் ஊதியம். கொடையிற் குறை நேரலாம். கூலியிற் குறை நேரலாகாது. உழைத்தவனுக்கு முழுக் கூலி என்னும் அறத்தை ஒரு காசின் கதையாக நம் முன்னோர் சொல்லிவைத்தனர்.

புகலூர்க் குளத்தில் எறிந்த பொன்

அப்பர் முதுமையில் தங்கிய தலம் திருப்புகலூர். அங்கும் அவர் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. ஒரு நாள் அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னின. அவரைச் சோதிக்க வந்த பொருள்கள் அவை. அப்பர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே எண்ணினார். உழவார முனையிலேயே வாரி அருகிலிருந்த குளத்தில் எறிந்தார். பின்பு ஆடல் மகளிர் வந்து மயக்க முயன்றும் அவர் பணி நிற்கவில்லை.

வேல்ஸ் நாட்டு வாளும் அங்கியும் ஏந்துபவனின் குலத்தைக் கேட்டன என்று கண்டோம். உழவாரம் எவர் குலத்தையும் கேட்பதில்லை. எவர் கைக்கும் பொருந்தும். பொன் தோன்றியபோதும் பொன்னைத் தேடும் கருவியாக அது மாறவில்லை. இறையன்பர் எனின், உலகத்தார் கீழ்க்குலத்தவர் எனத் தள்ளியவரையும் தாம் வணங்குவதாகப் பாடியவர் அப்பர். அத்தகையவர் ஏந்துதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறு ஏது?

81 ஆண்டுகள் வாழ்ந்து, சித்திரைச் சதய நாளில் திருப்புகலூரில் அவர் இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

அவருக்குப் பின்

பின்னாளில் சுந்தரர் திருவதிகைக்கு வந்தபோது ஊருக்குள் புகவில்லை. அப்பர் தம் கைகளால் புல் செதுக்கித் தூய்மை செய்த மண்ணை மிதிக்க அஞ்சி, ஊர்ப்புறத்தே இருந்த சித்தவட மடத்தில் இராப்பொழுதைக் கழித்தார். பாடிய ஊர்கள் எத்தனையோ இருக்க, உழைத்த ஊரைத்தான் மிதிக்க அஞ்சினார் என்பது கருதத்தக்கது.

மற்றொரு செய்தி சிதம்பரத்தைப் பற்றியது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், சோழ மன்னன் நம்பியாண்டார் நம்பியோடு வந்து, மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எஞ்சியவற்றை எடுத்தனராம். அழிந்தவையே மிகுதி. முற்றத்துப் புல்லையும் புற்றையும் நாள்தோறும் அகற்றியவரின் பாடல்களே புற்றுக்கு இரையாயின! பேணும் கை இல்லாதபோது எத்துணை உயர்ந்த செல்வமும் அழியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

உழவாரத்தின் பயன் வெறும் அழகு மட்டுமன்று. பறவையின் எச்சத்தோடு விழும் ஆல், அரச விதை கல்லிடுக்கில் முளைக்கிறது. வேர் இடுக்கில் நுழைந்து பருத்துக் கல்லைக் கல்லிலிருந்து பிரிக்கிறது. பிரிந்த வழியே மழைநீர் இறங்குகிறது. சில ஆண்டுகளில் விமானம் வெடிக்கிறது. இரண்டு இலை விட்ட பருவத்தில் ஒரு சிறுவன் கூடப் பிடுங்கி எறியக்கூடிய செடியை, மரமானபின் பொறியாளர் கூடிக் கல்லைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நாள்தோறும் செய்யும் சிறு பணி பெருஞ்செலவைத் தடுக்கும் என்பதை 7ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டினார் அப்பர். இன்றும் தமிழகத்தில் உழவாரப் பணி என்னும் பெயரிலேயே தொண்டர்கள் கூடிக் கோயில்களைத் தூய்மை செய்கின்றனர். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாக மாணவர்களாகிய நாமும் மண்வெட்டியும் கூடையும் ஏந்துகிறோம்.

முதலில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அப்பரின் பாடலைக் கேட்டவர்கள் அவருக்கு நாவுக்கரசர் எனப் பெயர் தந்தனர். அவர் வாழ்ந்ததைக் கண்டவர்கள் அவர் கையில் உழவாரத்தைத் தந்தனர். நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் அரசனோடு போயின. பொன்னும் மணியும் குளத்தில் மூழ்கின. புல் செதுக்கிய இரும்புத் தகடு மட்டும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர் தோளில் இருக்கிறது.

பட்டம் பெற்றபின் மண்ணைத் தொடுவது மதிப்புக் குறைவு என்னும் எண்ணம் நம்மிடையே இல்லாமல் இல்லை. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் நெசவாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் நிறைந்தது அரசினர் கல்லூரி. தந்தையின் கலப்பையையும் தறியையும் வலையையும் சொல்ல நாணுகின்ற தோழர்க்கு நம் மாவட்டத்துப் பெருமகனார் ஒருவர் விடையாக நிற்கிறார். கற்ற நாவும் உழைக்கும் கையும் ஓருடலில் இருக்க முடியும் என்பதே அவர் வாழ்வு. நூலை ஏந்தும் நம் கைகள் உழவாரத்தையும் ஏந்தப் பழகுமாயின், நாவுக்கரசர் பிறந்த மண்ணில் பயில்கிறோம் என்று நாம் பெருமிதம் கொள்ளலாம்.